அண்ணன்களின் வீடு

பெரணமல்லூரில் ஒரு பெண் எந்த நாளில் பெரியவள் ஆனாள் என்பது தெருவுக்கே தெரியும். பந்தல் போடுவார்கள், தாய்மாமன் தட்டு வரிசையோடு வருவார், ஒலிபெருக்கி கட்டுகிறவர்களும் உண்டு. கிறிஸ்தவ வீடுகளில் பாட்டு மாறும், சடங்கு பெரிதாக மாறாது. ஒரு பையன் எந்த நாளில் பெரியவன் ஆனான் என்று கேட்டுப் பாருங்கள். யாராலும் சொல்ல முடியாது. தறி நன்றாக ஓடிய காலத்தில் அதற்கு ஒரு பதில் இருந்தது. பையன் தறிக்குழியில் தனியாக இறங்கி, முதல் இழையிலிருந்து முந்தானை வரை ஒரு பட்டுப் புடவையை நெய்து இறக்கிவிட்டால் அவன் ஆள் ஆகிவிட்டான். அதுவரை அப்பாவோ மாமாவோ பக்கத்தில் இருந்து, மிதியை எப்போது மாற்றுவது, நாடாவை எவ்வளவு வேகத்தில் விடுவது, அறுந்த இழையை எப்படி முடிவது என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

இந்த இரண்டு வழக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். பெண் தானாக ஆகிறாள். ஆணை யாராவது ஆக்க வேண்டும். அவள் வளர்வதற்கு யாரும் மெனக்கெட வேண்டியதில்லை, உடம்பே பார்த்துக்கொள்ளும், அதன்பிறகு காவல் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். அவனுக்கு மட்டும் ஒரு குரு வேண்டும், ஒரு இடம் வேண்டும், தவறு செய்து திருந்த நாலைந்து வருடம் வேண்டும்.

இப்போது தறிக்குழிகள் பல வீடுகளில் மூடிக்கிடக்கின்றன. பையன்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறார்கள். அங்கே அவர்களை ஆக்குகிறவர் யார்? நான் எழுத வந்தது அந்த இடத்தை நிரப்ப முன்வரும் ஒரு வகை வீட்டைப் பற்றி. ஊரைவிட்டு வந்த இளைஞர்களைச் சேர்த்துக் குடிவைத்து, கூடவே ஒரு மூத்தவரையும் வைத்து, ஒழுங்கும் ஜெபமும் பழக்கி ஆளாக்கும் கிறிஸ்தவ இல்லங்கள். அவை நல்லவையா கெட்டவையா என்பது என் கேள்வி அல்ல. பல நல்லவை. என் கேள்வி வேறு. பெண்களே இல்லாத ஒரு வீட்டில் ஒருவன் நல்ல மனிதனாகக் கற்றுக்கொண்டால், அந்த நல்லதனம் பெண்கள் இருக்கும் வீட்டுக்குள் கூடவே வருமா?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் தம்பியிடமிருந்து வந்தது. ஆரணியில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒப்பந்த வேலைக்குப் போனான். ஒரே அறையில் எட்டுப் பேர். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரன் வந்து படுப்பான். சம்பள நாளன்று குடி. ஒரே வருடத்தில் அவன் முகமே மாறிவிட்டது. அம்மா போன் செய்தால் எடுக்கமாட்டான். பிறகு அவன் போகத் தொடங்கிய ஒரு சபையின் மூலம் அப்படியொரு இல்லத்தில் இடம் கிடைத்தது. ஆறு பையன்கள், அவர்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த ஓர் அண்ணன். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வேதம் வாசிக்க வேண்டும். சமையல், பாத்திரம், கழிவறை எல்லாம் முறைபோட்டுச் செய்ய வேண்டும். சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு என்று அண்ணனிடம் கணக்குக் காட்ட வேண்டும். வாரத்தில் ஒரு மாலை எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் எங்கே தடுமாறினோம் என்று மறைக்காமல் பேச வேண்டும்.

அங்கே அவன் இரண்டு வருடம் இருந்தான். குடியை விட்டான். ஆண்கள் முன்னால் அழலாம் என்று கற்றுக்கொண்டான். எங்கள் தெருவில் எந்த ஆணுக்கும் கிடைக்காத கல்வி அது. சாம்பார் வைப்பான், பூரி போடுவான், கழிவறையைப் பளிச்சென்று கழுவுவான் என்று அந்த அண்ணனே எங்களிடம் பெருமையாகச் சொன்னார். கிறிஸ்துமஸ் விடுப்பில் நான்கு நாள் வீட்டுக்கு வந்தான். நான்கு நாளும் சாப்பிட்ட தட்டு சாப்பிட்ட இடத்திலேயே இருந்தது. அம்மா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தவர், நடுவில் எழுந்து போய் அவனுக்குக் காபி போட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். நான் கேட்டேன், "ஏன்டா, அங்க நீதான் எல்லாருக்கும் சமைக்கிறியாம், இங்க ஒரு டம்ளர் கழுவக் கூடாதா?" அவன் யோசித்துவிட்டு உண்மையாகவே பதில் சொன்னான்: "அங்க அது ஊழியம்க்கா. இங்கதான் அம்மா இருக்காங்களே."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. வேறு எந்த வார்த்தையிலும் இவ்வளவு சுருக்கமாக அந்த வீடு அவனுக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்லியிருக்க முடியாது. ஒரே வேலை, ஒரே பாத்திரம், ஒரே சோப்பு. ஆண்கள் நடுவில் ஆண் செய்தால் ஊழியம். வீட்டில் பெண் செய்தால் அதற்குப் பெயரே இல்லை. அவள் இருப்பதே போதும், வேலை நடந்துவிடும்.

ஊழியம் என்ற சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. இன்று தேவாலயத்தில் அது உயர்ந்த சொல். ஊழியக்காரர் என்றால் எழுந்து நிற்கிறோம். ஆனால் பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்பது ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்ய வேண்டிய வேலை. மறுத்தால் தண்டனை. கூலியில்லாத கட்டாய வேலையின் பெயரையே கிறிஸ்தவர்கள் எடுத்து மகிமைப்படுத்தினார்கள். மேலே இருப்பவன் தானாகக் கீழே இறங்கி அந்த வேலையைச் செய்யும்போது அது மகிமைதான். ஆனால் ஏற்கெனவே கீழே இருக்கிறவளுக்கு, விருப்பம் கேட்காமலேயே தினமும் அதைச் செய்கிறவளுக்கு, அந்தச் சொல்லின் பழைய அர்த்தம்தான் இன்னும் மிச்சமிருக்கிறது.

எங்கள் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலேயே இந்த மாதிரி வீட்டுக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. 1921இல் திருப்பத்தூரில் சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம். இருவரும் மருத்துவர்கள். ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் ஆலை வைத்திருந்த செல்வக் குடும்பத்துப் பிள்ளை. மணமாகாத ஆண்கள் சகோதரர்களாகச் சேர்ந்து வாழ்வது, கதர் உடுத்துவது, எளிய மரக்கறி உணவு, ஏழைகளுக்கு மருத்துவம், திராவிடக் கோயில் பாணியில் எழுந்த ஜெபாலயம் என்று அதற்கு ஒரு தனி முகம் இருந்தது. வயதில் மூத்த ஏசுதாசனைப் பெரியண்ணன் என்றார்கள், பேட்டனைச் சின்னண்ணன் என்றார்கள்.

இந்தப் பெயர்கள் எவ்வளவு துணிச்சலானவை என்பதை இன்று நாம் எளிதில் மறந்துவிடுவோம். மிஷனரி என்றால் பெரிய பங்களா, சுற்றிலும் வேலைக்காரர்கள், 'ஐயா' என்று கைகட்டி நிற்கும் இந்திய உதவியாளர் என்றிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் தம்பியாகவும் தமிழர் அண்ணனாகவும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள். 1932இல் கதர் உடுத்திய பேட்டன் சென்னையில் போலீசாரிடம் அடிபட்டார். அது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுந்தது. வெளியே சட்டமும் துப்பாக்கியும் காத்துவந்த நிற வேற்றுமையை, உள்ளே இரண்டு உறவுச் சொற்கள் தலைகீழாக்கின. ஒரு வீட்டில் எப்படி வாழ்கிறோம் என்பதே அரசியல் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல தமிழ் உதாரணங்களில் இது ஒன்று. 'குடும்பம்தான் அரசியல்' என்று பெண்ணியம் பேசத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே இவர்கள் அதைச் செய்து காட்டினார்கள்.

ஆனாலும் அந்தப் பெயர்களை மறுபடி வாசித்துப் பாருங்கள். பெரியண்ணன், சின்னண்ணன், கிறிஸ்துகுலம். குலம் என்றால் வம்சம், குடும்பம். அண்ணன்கள் இருக்கிறார்கள். அக்கா எங்கே? அம்மா எங்கே? நிறத்தின் ஏற்றத்தாழ்வை உடைக்க அவர்களுக்கு ஒரு வழி தெரிந்தது. இருவரையும் ஒரே வீட்டில் வைத்தார்கள். ஆண்-பெண் ஏற்றத்தாழ்வு அந்த வீட்டுக்குள் ஒரு பிரச்சினையாக வரவே இல்லை, ஏனென்றால் அதில் ஒரு பாதியை வாசலுக்கு வெளியே நிறுத்தித்தான் அந்தச் சகோதரத்துவம் தொடங்கியது. வாசலுக்கு வெளியே இருப்பவரோடு எப்படிச் சமமாக வாழ்வது என்பதை உள்ளே இருந்து கற்றுக்கொள்ள முடியாது. இது அந்த இரண்டு மருத்துவர்களின் குணத்தில் உள்ள குறை இல்லை. அந்த அமைப்பின் எல்லை.

இந்த எல்லை நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. இளைஞர்களுக்கான கிறிஸ்தவ இயக்கங்களில் உலகம் முழுக்கப் பரவியது ஒய்.எம்.சி.ஏ. அது 1844இல் லண்டனில் ஒரு துணிக்கடையில் பிறந்தது என்பது எங்களைப் போன்ற நெசவு ஊர்க்காரர்களுக்குச் சுவாரசியமான செய்தி. ஜார்ஜ் வில்லியம்ஸ் கிராமத்திலிருந்து வந்து துணிக்கடையில் வேலை பார்த்த இளைஞர். கடைப் பையன்கள் நாள் முழுக்க நின்று உழைத்துவிட்டுக் கடைக் கட்டிடத்திலேயே நெருக்கியடித்துத் தூங்குவார்கள். வெளியே போனால் சாராயக் கடை. அவர்கள் சேர்ந்து ஜெபிக்கவும் படிக்கவும் தொடங்கியதுதான் அந்த இயக்கம். 1890இல் அது சென்னைக்கு வந்தது. ஒரகடத்து அறையில் பாய் மாற்றிப் படுத்த என் தம்பிக்கும் அந்த லண்டன் பையன்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தேவை உண்மையானது. கேலி செய்ய எதுவும் இல்லை.

1855இல் பெண்களுக்காகத் தனியாக ஒன்று தொடங்கியது, பிறகு அது ஒய்.டபிள்யூ.சி.ஏ. ஆனது. அதன் ஒரு வேர் லேடி கின்னெயர்டு லண்டனில் திறந்த தங்கும் விடுதி. கிரிமியப் போருக்குப் போகவும் வரவும் இருந்த செவிலியர்களுக்கு அது பாதுகாப்பான இடம். ஆண்களின் இயக்கம் 'இவன் என்ன மனிதனாக ஆவான்' என்ற கேள்வியில் பிறந்தது. பெண்களின் விடுதி 'இவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ' என்ற பயத்தில் பிறந்தது. பிற்பாடு அந்த விடுதிகள் பல பெண்களுக்குச் சிறகு கொடுத்தன என்பது உண்மை. ஆனால் இந்த இரண்டு கேள்விகளும் இன்றுவரை பிரியாமல் கூடவே வருகின்றன.

நம் மாநிலத்தையே பாருங்கள். 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமானது. வேலைக்குப் போகும் முப்பது வயதுப் பெண்ணும் ஐந்து வயதுக் குழந்தையும் ஒரே சட்டத்தின் தலைப்பில் இருக்கிறார்கள். பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும். ஆனால் ஆண்கள் தங்கும் விடுதியில் மூத்தவருக்கு அண்ணன் என்று பெயர், பெண்கள் தங்கும் விடுதியில் வார்டன் என்று பெயர். அண்ணன் 'இந்த வாரம் எங்கே தடுமாறினாய்' என்று கேட்கிறார். வார்டன் 'எத்தனை மணிக்கு வந்தாய்' என்று கேட்கிறார்.

மேற்கு மாவட்டத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று இருந்தது. மணமாகாத பெண்களை மூன்று வருடம் ஆலை விடுதியிலேயே தங்கவைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை தருவதாகச் சொல்வார்கள். வெளியே போகத் தடை, வீட்டாரோடு பேசக் கட்டுப்பாடு. அதுவும் இளவயதினர் சேர்ந்து வாழும் வீடுதான். ஆனால் அந்த மூன்று வருடத்தில் அவள் என்னவாக ஆனாள் என்று யாரும் கேட்கத் திட்டமிடவில்லை. முடிவில் அவள் சுமங்கலி ஆக வேண்டும், அவ்வளவுதான். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் பொருத்தும் ஆலையில் வேலை பார்த்த பெண்கள், விடுதிச் சாப்பாடு விஷமாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனபிறகு, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களைப் போன்ற ஊர்களிலிருந்து போன பிள்ளைகள். அதன்பிறகு 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. கட்டில் கிடைத்தது, நல்லது. அந்தச் சாலையில் உட்கார்ந்த இரவில் அந்தப் பெண்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டது என்ன என்பதும் ஒரு கல்விதான். அதற்கு எந்தச் சபையும் வழிகாட்டியை அனுப்பவில்லை.

பெண்களுக்கும் வேறு மாதிரி வீடு முடியாத காரியம் இல்லை. அதே வட ஆற்காட்டில், வேலூரில், ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்காக ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார். அவர் இளம்பெண்ணாக இருந்தபோது, ஆண் மருத்துவரை அனுமதிக்க மறுத்த மூன்று வீடுகளில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்த செய்தி அவரை மருத்துவம் படிக்க வைத்தது. அவர் தொடங்கிய பள்ளியில் சேர்ந்த பெண்களிடம் கேட்கப்பட்ட கேள்வி 'நீ யாராக ஆகப்போகிறாய்' என்பது. ஆக, இந்த மண்ணில் நூறு வருடத்துக்கு முன்பே இரண்டு கேள்விகளும் இருந்தன. பெண்ணிடம் எதைக் கேட்பது என்பதை நாம்தான் தேர்ந்தெடுத்தோம்.

ஆண்கள் மட்டும் வாழும் பயிற்சி வீட்டுக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு. அதை நேராக எதிர்கொள்ள வேண்டும். வீட்டில் அம்மா இருக்கும்வரை எந்த மகனும் பாத்திரம் கழுவமாட்டான். அவளிடமிருந்து பிரித்தால்தான் கை தண்ணீரில் படும். பெண் இல்லாத வீடு ஆணுக்குத் தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிறது. இதில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். கைக்குப் பழக்கம் வேண்டும், பழக்கத்துக்கு இடம் வேண்டும். மீதிப் பாதியில்தான் சிக்கல். அந்த வீடு கையைப் பழக்குகிறது. கூடவே, யாரும் சொல்லாமலேயே, ஒரு கணக்கையும் பழக்குகிறது: பெண் இல்லையென்றால் நான் செய்ய வேண்டும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால், பெண் வந்துவிட்டால் நான் செய்ய வேண்டாம். என் தம்பி சொன்னது இதைத்தான். செய்ய வேறு ஆள் இல்லாதபோது செய்வது பிழைப்பு. செய்ய ஒருத்தி தயாராக நிற்கும்போதும் எழுந்து போய்ச் செய்வதுதான் அறம். முதலாவதை அந்த இல்லம் நன்றாகக் கற்றுக்கொடுத்தது. இரண்டாவதற்கு அங்கே பரீட்சையே வைக்க முடியாது.

ஜெர்மனியில் ஹிட்லருக்குத் தலைவணங்க மறுத்த திருச்சபையினர் 1935இல் தங்கள் இளம் போதகர்களுக்காக ஒரு பயிற்சி இல்லம் நடத்தினார்கள். பொறுப்பாளர் டீட்ரிச் போன்ஹோஃபர், அப்போது 29 வயது. 1937இல் ரகசியப் போலீஸ் அதை மூடியது. அந்த வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் இன்றும் இப்படிப்பட்ட இல்லங்களில் வாசிக்கப்படுகிறது. அந்த இல்லத்தின் தொடக்க நாட்களைப் பற்றி அவருடைய மாணவர் ஒருவர் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்று சமையலறையிலிருந்து கேட்டார்கள். இளைஞர்கள் யாரும் எழவில்லை. போன்ஹோஃபர் பேசாமல் எழுந்துபோய்க் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு அவரே கழுவினார். வெட்கப்பட்டுப் பின்னால் ஓடிவந்தவர்களை உள்ளே விடவில்லை.

நல்ல கதை. தலைமை என்றால் என்ன என்று சொல்லும் கதை. ஆனால் நாம் அதை வாசிக்கும்போது இன்னொன்றையும் கேட்க வேண்டும். சமையலறையிலிருந்து உதவி கேட்டு வந்த அந்தக் குரலுக்கு என்ன ஆனது? அன்றைக்கு முன்பும் அதன்பிறகும் அந்த அடுப்படியில் நின்றவரைப் பற்றி அந்தக் கதை எதுவும் சொல்வதில்லை. ஒரு ஆண் ஒரு நாள் கழுவினால் அது பாடமாகிறது. பாத்திரம் அதற்கு முன்னும் தினமும் கழுவப்பட்டது என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

பெரிய வியாழன் அன்றும் இதைப் பார்க்கலாம். சீஷர்களின் காலை இயேசு கழுவியதை நினைத்துக் கத்தோலிக்கத் தேவாலயங்களில் குரு பன்னிருவரின் காலைக் கழுவுவார். வழிபாட்டு விதிப்படி அவர்கள் ஆண்களாகவே இருக்க வேண்டும் என்றிருந்தது. 2016இல்தான் போப் பிரான்சிஸ் பெண்களையும் சேர்க்கலாம் என்று அந்த விதியை மாற்றினார். சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலிலிருந்து எங்கள் ஊர்ப்பக்கத்துச் சின்னக் கோயில்கள் வரை எல்லா இடத்திலும் வேதம் ஒன்றுதான். அந்த வேதத்தின்படி, அந்த இராத்திரிக்கு முன்பே பெத்தானியாவில் ஒரு பெண் இயேசுவின் காலில் தைலம் பூசித் தன் கூந்தலால் துடைத்திருந்தாள். அவன் கழுவியது சடங்கானது. அவள் துடைத்ததை ஆண்டுதோறும் யாரும் செய்து காட்டுவதில்லை. பவுல் தீமோத்தேயுவை மகனைப் போல வளர்த்த கதையைத்தான் வழிகாட்டும் அண்ணன்கள் எல்லாரும் சொல்வார்கள். அவனுடைய விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பவுலே பெயர் சொல்லி எழுதியிருப்பதை எத்தனை இல்லங்களில் வாசிக்கிறார்கள்?

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பட்டுப் புடவை அப்பா நெய்தது என்றுதான் சொல்வோம். நூல் இழைத்தது, தார் சுற்றியது, பழைய பாவின் முனையோடு புதுப் பாவை ஆயிரக்கணக்கான இழைகளாக ஒவ்வொன்றாகப் பிணைத்தது எல்லாம் அம்மா. கூட்டுறவுச் சங்கத்துப் புத்தகத்தில் அப்பா பெயர். தம்பி அந்த இல்லத்தில் சேர்ந்தபோது முதல் மூன்று மாதத்துக்கான பணத்தை அம்மாதான் தார் சுற்றிய கூலியிலிருந்து சேர்த்துக் கொடுத்தார். அவனை ஆளாக்கியவர்கள் பட்டியலில் அண்ணன் இருக்கிறார். அம்மா, வீட்டில் 'இருக்கிறவர்'.

அம்மாவையும் இதில் தப்பவிட முடியாது. அவன் ஒருமுறை தட்டை எடுக்க எழுந்தபோது, "வை கண்ணு, பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க" என்று பறித்துக்கொண்டவர் அவர்தான். வேறு எந்த உரிமையும் இல்லாத இடத்தில் வேலையாவது தன்னுடையது என்று பிடித்துக்கொள்கிறார். அந்தப் பிடியை மகன்தான் மெதுவாகத் தளர்த்த வேண்டும். மருமகள் வந்து தளர்த்தினால் அது சண்டை.

இப்போது தம்பிக்குப் பெண் பார்க்கிறார்கள். "குடிக்கமாட்டான், ஜெபிக்கிற பையன், அந்த இல்லத்தில் இரண்டு வருடம் இருந்தவன்" என்று சொன்னதும் பெண் வீட்டார் முகம் மலர்கிறது. சேர்ந்து தங்கிய இரண்டு வருடம் அவனுக்கு நற்சான்று. அதே இரண்டு வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்த பெண்ணின் ஜாதகமோ விண்ணப்பமோ வந்தால், "எந்த ஹாஸ்டல், கூட யாரு, ஏன் அங்க?" என்று எங்கள் வீட்டிலேயே கேட்கிறார்கள். அவனுக்கு அது பயிற்சி, அவளுக்கு அது சந்தேகம். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது இதைக் கேட்ட பிறகுதான்.

அந்த இல்லங்களை மூடச் சொல்லவில்லை. இன்னும் வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் அவற்றை நடத்துகிறவர்களிடம் சில காரியங்களைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. சமையல் முறைப்பட்டியல் விடுப்பு நாளிலும் நடக்கட்டும், வீட்டுக்குப் போகும் பையன் அங்கேயும் அதைச் செய்துவிட்டு வரட்டும். வாராந்திர வட்டத்தில் குடியையும் காமத்தையும் பற்றிக் கேட்பதைப் போல, அம்மாவும் அக்காவும் உனக்காகச் செய்த வேலை எத்தனை மணி நேரம் என்றும் கேட்கட்டும். வழிகாட்டிகளில் அக்காக்களும் இருக்கட்டும், ஆண்களிடம் கட்டளை வாங்க மட்டும் பழகிய பையன் ஒரு பெண்ணின் அறிவுக்குக் கீழ்ப்படியவும் பழகட்டும். மிக முக்கியமாக, பெண்பிள்ளைகளுக்கும் அதே சபைகள் பூட்டில்லாத வீடுகளைத் தரட்டும். அங்கே இருக்கும் மூத்தவளை அக்கா என்றே கூப்பிடலாம்.

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒன்று. உங்களுக்கும் ஒருநாள் இப்படியொரு நல்ல பையனின் வரன் வரலாம். சமைக்கத் தெரியும் என்று சொல்வார்கள், சந்தோஷப்படுங்கள். அதோடு நின்றுவிடாமல் அவனிடமே நேராக இன்னொன்றையும் கேளுங்கள். செய்ய வேறொருத்தி பக்கத்தில் இருந்தபோது, அவள் எழுவதற்கு முன் நீ எழுந்தது கடைசியாக எப்போது? அவன் யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டால் பரவாயில்லை. என் தம்பியிடம் நான் அதைக் கேட்டிருக்கிறேன். அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான், அந்த அளவுக்கு அந்த வீடு அவனுக்கு நல்லதுதான் செய்திருக்கிறது.